கோபி பஜ்ஜியும் ஒரு டிராகன் வதமும்

"நேத்து சாயங்காலம் ஒரு டிராகனைக் கொன்னுட்டேன் வே. அது சாவும்போது நான் அடுக்களையில கோபி பஜ்ஜி போட்டுக்கிட்டு இருந்தேன். ஆயுதத்துல என் சுண்டுவிரல்கூடப் படல!"

சத்தியசீலன் இதை எழுந்து நின்று சொன்னார். பெரிய விஷயங்களை நின்றுகொண்டுதான் சொல்வார். சின்ன விஷயம் எதையும் அவர் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

தில்லி மயூர் விஹாரில் அந்த அடுக்குமாடி சொசைட்டிப் பூங்காவுக்கு ஜனவரி மாதத்தில் சூரியன் வருவதே பெரிய மனது. வந்தாலும் கிழக்கு மூலையில் இருக்கும் ஒரே ஒரு பெஞ்சில்தான் உட்காரும். அதன் மடியில் இடம் பிடிக்க, மங்கி குல்லாயும் மப்ளருமாக ஓய்வு பெற்றவர்கள் காலையிலேயே கூடிவிடுவார்கள். மூங்ஃபலி என்று தில்லியில் சொல்லும் வேர்க்கடலையின் தோல் காலடியில் கணுக்கால் அளவு குவியும். சத்தியசீலனைக் கேட்டால் இடுப்பளவு என்பார்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர் பாளையங்கோட்டையில் ஒரு பாஸ்டர். நல்ல மனிதர், வருங்காலம் தெரியாதவர். ஒரு வருஷம் மூடுபனி எவ்வளவு கெட்டியாக இருந்தது என்றால், துவைத்த சட்டையை அதன் மேலேயே காயப்போட்டதாகச் சத்தியசீலன் சொல்லியிருக்கிறார். மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு குரங்கு அவருடைய டிஃபன் பாக்ஸைத் திறந்து, ஒரு வாய் தின்று பார்த்து, உப்பு போதாது என்று திரும்ப மூடி வைத்துவிட்டுப் போனதாகவும் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் கல்யாணராமன் ஒரு விதி செய்துவைத்திருந்தார். கல்யாணராமன் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். சூரியன் உதித்துவிட்டது என்றால் வவுச்சர் எங்கே என்பார். 'சத்தியசீலன் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும்' என்பது அவர் விதி. பெஞ்சில் எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள்.

"டிராகனைப் பத்தால வகுத்தா பல்லி வருது," என்றார் ரயில்வேயில் இருந்த வேணு. "அதையும் இவர் வீட்டு மார்கரெட் அம்மாதான் அடிச்சிருப்பாங்க."

பெஞ்சே குலுங்கியது. சத்தியசீலனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வழக்கம்போல வயிறு குலுங்கவில்லை. ஏனென்றால் இந்தத் தடவை, அவர் பெஞ்சுக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக, சொன்னது முழுவதும் உண்மை.

கிறிஸ்துமஸுக்கு பெங்களூரில் இருந்து வந்த மகள் வினோலியா, போகும்போது டி.வி.யில் மாட்டுகிற ஒரு கறுப்புப் பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரு விளையாட்டு. புதிதாகச் செய்ததுதான், ஆனால் வேண்டுமென்றே பழசு மாதிரி: மனிதன், மரம், மேகம் எல்லாம் சதுரம் சதுரமாக இருக்கும், சத்தம் பீப் பீப் என்று வரும். கீழே ஒரு மட்டை, நடுவே ஒரு பந்து, மேலே செங்கல் சுவர். கையில் இருக்கும் பொத்தான் கட்டையால் மட்டையை இடமும் வலமும் நகர்த்திப் பந்தைத் தட்டினால் செங்கல் உடையும்.

அவ்வளவுதான் என்றால் சத்தியசீலன் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். உடைகிற செங்கலுக்குள்ளிருந்து மருந்துக் குப்பி விழும், மந்திர ஓலை விழும், சில சமயம் கோபமான ஒரு வௌவால் விழும். மட்டையைப் பிடிக்க நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், வைத்தியக்காரி. கோட்டை கோட்டையாக இடித்துக்கொண்டு போகப் போக அந்த ஆளுக்குப் பலம் கூடும். கடைசிக் கோட்டையில் டிராகன்.

எல்லோரும் போர்வீரனைத்தான் எடுப்பார்கள். சத்தியசீலன் வைத்தியக்காரியை எடுத்தார். மார்கரெட் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நர்ஸ்களின் பலம் என்ன என்று அவளோடு குடித்தனம் செய்தவருக்குத் தெரியாதா? விளையாட்டு அவளுக்கு ஒரு பெயர் கேட்டது. 'மார்கரெட்' என்று போட்டார்.

அந்த டிராகனை மட்டும் வினோலியாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "சான்ஸே இல்லப்பா. எவ்வளவு உடைச்சாலும் அது ஒரு மூச்சு விடுது, எல்லா செங்கலும் திரும்ப முளைச்சிடுது," என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.

ஆனால் சத்தியசீலனுக்கு அந்த டிராகனைப் பார்த்ததுமே பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. உத்தியோக காலம் முழுவதும் அவருக்கு வேலை சர்க்கார் குடியிருப்புகளின் சுவர்களோடுதான். சுவரில் ஊறும் ஈரத்துக்கு தில்லியில் 'சீலன்' என்று பெயர். அதனால் கான்ட்ராக்டர்கள் அவரை 'சீலன் சாப்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்தால் போதும், அவர் ஜீப் வந்து நிற்பதற்குள் எல்லா ஓட்டையையும் விரிசலையும் பூசி மெழுகிவிடுவார்கள். ஈரம் எங்கே போகும்? உள்ளேயே இருக்கும். உள்ளேயே இருந்து, ஆற அமரச் சுவரைத் தின்னும். பூசுகிறவன் ஓட்டையைத்தான் பார்ப்பான், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டான். இது சத்தியசீலன் எத்தனையோ சுவர்களிடம் கற்ற பாடம்.

ஆகவே அவர் டிராகனோடு மல்லுக்கட்டவில்லை. இடது ஓரமாக ஒரே ஒரு சந்து குடைந்தார். பந்தை அந்தச் சந்து வழியாக மேலே ஏற்றிவிட்டார். அவ்வளவுதான். டிராகன் வழக்கம்போல மூச்சு விட்டது, செங்கல் முளைத்தது, சந்து அடைபட்டது. பந்து உள்ளே, டிராகனோடு. கூரைக்கும் சுவருக்கும் நடுவே அது இங்கும் அங்கும் பாய்ந்து டிராகனைக் குத்திக்கொண்டே இருந்தது. உள்பக்கச் செங்கல் உடைய உடைய, டிராகன் அதையும் பொறுப்பாக அடைத்துக்கொண்டே இருந்தது. கீழே மட்டைக்கு வேலையே இல்லை. சத்தியசீலன் பொத்தான் கட்டையை வைத்துவிட்டு காலிஃபிளவரை நறுக்கி, பஜ்ஜிக்கு மாவு கரைக்கப் போனார். திரும்பி வந்தபோது டிராகன் இல்லை.

அந்த க்ஷணத்தில் கரண்ட் போனது. கடைசிக் கோட்டைக்கு வந்தது வரைதான் சேவ் ஆகியிருந்தது, வதத்தை சேவ் பண்ணவில்லை. மார்கரெட் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். சாட்சி, பாதித் தட்டு பஜ்ஜி மட்டும்தான்.

"ஆக, வவுச்சர் கிடையாது," என்றார் கல்யாணராமன், ஒரு வேர்க்கடலையை நசுக்கியபடி.

"கரண்ட் போயிட்டு வே! நான் என்ன செய்ய?"

"டிராகன் செத்த நிமிஷம் பாத்துக் கரண்டும் போயிடுத்து. அச்சா. ரொம்பப் பொருத்தம்."

"இன்னிக்கு வாரும்! சாயங்காலம் வீட்டுக்கு வாரும்! மாமியையும் கூட்டிக்கிட்டு வாரும்! உம்ம கண்ணு முன்னால கொன்னு காட்டுதேன்!"

"தொடாமலா?"

"தொடாமத்தான்! பஜ்ஜியும் போடுதேன்!"

கல்யாணராமன் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டார். "நடக்கலைன்னா, ஹோலி வரைக்கும் இந்த பெஞ்சில நீர் பேசப்படாது. கடலை சாப்பிட மட்டும் வாயைத் திறக்கலாம்."

"நடந்துட்டுன்னா?"

"இதே இடத்தில நின்னுண்டு 'நடந்தது'ன்னு சொல்றேன்."

"பக்கா?" என்று கேட்டார் வேணு, நம்ப முடியாமல். கல்யாணராமன் எதையாவது 'நடந்தது' என்று ஒப்புக்கொண்டதை அந்த பெஞ்ச் கண்டதில்லை.

"பக்கா."

வீட்டுக்கு நடக்கும்போதுதான் சத்தியசீலனுக்கு அது உறைத்தது. ஹோலி வரைக்கும்! ஃபைல் போய்விட்டது, ஜீப் போய்விட்டது, கான்ட்ராக்டர்களின் சலாமும் போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஒரே உத்தியோகம் அந்த பெஞ்சில் எழுந்து நிற்பது. அதற்கும் ஹோலி வரை சஸ்பென்ஷன் என்றால், மனிதன் காலையில் எதற்காக மப்ளர் கட்டுவது? இத்தனைக்கும் பொய் சொன்ன நாளெல்லாம் ஒரு சேதாரமும் வந்ததில்லை. உண்மையைச் சொன்ன நாளில் வந்திருக்கிறது பார் வினை!

மாலையில் கல்யாணராமனும் அவர் மனைவி சுந்தரவல்லியும் வந்தபோது, சோபாவின் முன்னால் டி.வி. தயாராக இருந்தது. அடுப்பில் எண்ணெயும் தயாராக இருந்தது. மார்கரெட்டுக்கு விவரம் அப்போதுதான் தெரிந்தது.

"நேத்து நீங்க ஏதாவது பாத்தேளா?" என்று கேட்டார் கல்யாணராமன்.

"நான் வரும்போது பஜ்ஜி இருந்துச்சு சார். டிராகன் இல்ல."

"எங்காத்துலயும்தான் டிராகன் இல்லை. அதுக்காக நான் கொன்னேன்னு அர்த்தமா?"

"ஏன்னா, உக்காருங்கோ பேசாம," என்றாள் சுந்தரவல்லி.

திரையில் கடைசிக் கோட்டை எழுந்தது. அதன் கீழே மட்டையைப் பிடித்தபடி ஒரு பெண், வெள்ளைத் தொப்பியும் சிவப்புப் பையுமாக. மார்கரெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல என் பேர் போட்டிருக்கு!"

"நீதான் அது."

"இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"எல்லாரும் சதுரமாத்தான் வருவாங்க. டிராகனைப் பாரு, அது மட்டும் ஒல்லியாவா இருக்கு?"

மார்கரெட் சேலையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மூன்று பந்துகள், மூன்றும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. முதல் பந்தை சத்தியசீலன் தட்டினார், நாலு செங்கல் உடைந்தது, திரும்பி வந்த பந்து மட்டையின் ஓரம் உரசிக் கீழே போய்விட்டது. உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டார்.

"குளிர்," என்றார்.

"ஹீட்டர் போட்டிருக்கே," என்றார் கல்யாணராமன்.

இரண்டாவது பந்து சந்து வரை போய்விட்டது. சரியாக அந்தச் சமயத்தில் கல்யாணராமன், "இந்த வௌவால் யாரோட கட்சி?" என்று கேட்டார். சத்தியசீலன் திரும்பிப் பார்த்தார். பந்து போய்விட்டது.

"வேணும்னே கேட்டீரு வே!"

"சந்தேகம் வந்தது, கேட்டேன். சந்தேகம் கேக்கறது தப்பா?"

கடைசிப் பந்து. சத்தியசீலன் குல்லாயைக் கழற்றி வைத்தார். இடது ஓரம். மறுபடி இடது ஓரம். ஒரு செங்கல், அதன் மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. விழுந்த மருந்துக் குப்பியை ஏந்திக்கொண்டார். மட்டை கொஞ்சம் அகலமானது. பந்து அந்தச் சந்தில் எலி வளைக்குள் போவது மாதிரி நுழைந்து, மேலே மறைந்தது. டிராகன் நெஞ்சை விரித்து ஒரு மூச்சு விட்டது. முளைத்தது செங்கல். அடைபட்டது சந்து.

"ஆங்!" என்று எழுந்தார் சத்தியசீலன். கட்டையை டீப்பாயில் வைத்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"இரும்," என்றார் கல்யாணராமன். கட்டையை எடுத்து மனைவியின் மடியில் வைத்தார். "சுந்தரா, இது உன் பொறுப்பு. யாரையும் தொட விடாதே. அவரையும், என்னையும், எமனே வந்தாலும்."

சத்தியசீலன் அடுக்களைக்குப் போனார். கோபிப் பூக்களை மாவில் முக்கினார். எண்ணெயில் போட்டார். அங்கிருந்து டி.வி. தெரியாது, சத்தம் மட்டும் வரும். செங்கலில் பட்டால் 'டொக்', டிராகனில் பட்டால் 'டிங்'. டொக், டொக், டிங். டொக், டிங், டிங். இப்படி ஒரு சங்கீதத்தை தில்லியில் எந்தச் சபாவிலும் கேட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது. பஜ்ஜியைத் திருப்பிவிட்டார்.

பிறகு ஒரு குரல் கேட்டது. மெல்லத்தான் கேட்டது.

"அடி."

யார் குரல் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை.

"இன்னொண்ணு! அப்படித்தான்! வயத்துல, வயத்துல!"

கல்யாணராமன்! கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. சத்தியசீலனின் மார்பு சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு விரிந்தது. ஆனால் அடுத்து வந்த குரலில் அது அப்படியே ஒடுங்கியது.

"ஓய்! ஓட்டை! ஓட்டை விழறது ஓய்! வாரும்!"

மாவு கையோடு அடுக்களை வாசல் வரை ஓடினார். திரையில் டிராகனுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. அதன் உயிரைக் காட்டும் கோடு ஒரு விரற்கடைதான் பாக்கி. அந்த ஆத்திரத்தில் அது கக்கிய நெருப்பு தன் சுவரையே எரித்து, வலது மூலையில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பொந்தைத் திறந்துவிட்டிருந்தது. பந்து அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. மட்டையோ இடது கோடியில், போட்டது போட்டபடி.

"பந்து வெளில வந்துடுத்துன்னா போச்சு! மட்டையை அந்தண்டை நகர்த்தணும்! சுந்தரா, குடு இங்க!" கல்யாணராமன் மனைவியின் மடிக்குக் கையை நீட்டினார்.

"தர மாட்டேன். நீங்கதானே சொன்னேள்!"

"அப்ப சொன்னேன்! இப்ப வேற!"

ஒரே தாவலில் சத்தியசீலனும் போய் அந்தக் கட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் பந்தைக் காப்பாற்றலாம். ஆனால் தொட்டுவிட்டார் என்று ஆகும். பிடிக்காவிட்டால் பந்து போகும். ஹோலி வரைக்கும் வாய் போகும். கால் ஒரு அடி முன்னால் போனது. அப்புறம் அவர் டிராகனின் முகத்தைப் பார்த்தார். பத்து சதுரம் சேர்ந்த முகம்தான். ஆனாலும் அதில் அவருக்கு ஒரு தவிப்பு தெரிந்தது. ஜீப் சத்தம் கேட்ட கான்ட்ராக்டரின் முகம் அது. அவர் கால் நின்றது.

"குடுக்காதீங்க மாமி! யாருக்கும் குடுக்காதீங்க! அது அடைச்சிரும்!"

"உமக்கு எப்படி ஓய் தெரியும்?"

"ஆடிட்டர் வந்து எதிர்க்க உக்காந்திருக்காரு வே! எவனாவது ஓட்டையைத் தொறந்து போட்டுட்டு நிப்பானா?"

பந்து பொந்துக்குள் இறங்கியது. பாதி வழி வந்தது. டிராகன் மூச்சு விட்டது. பொந்தின் அடியில், பந்துக்கு நேர் கீழே, ஒற்றைச் செங்கல் முளைத்தது. டொக். பந்து அதில் மோதி, வந்த வழியே மேலே ஏறி, டிராகனின் வயிற்றுக்குள் நேராகப் போனது.

டிங்.

டிராகன் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு தலையில் இருந்து வால் வரைக்கும் சதுரம் சதுரமாக உதிர்ந்தது. எக்காளம் ஊதியது. அத்தனை செங்கலும் பூவாக மாறிக் கொட்டியது. நடுவில் வெள்ளைத் தொப்பிக்காரி கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். அவள் தலைக்கு மேல் மார்கரெட் என்ற பெயர் தங்க எழுத்தில் மின்னியது.

"நான் கொன்னுட்டேனா?" என்று கேட்டாள் மார்கரெட், எழுந்து நின்று.

"நீதான்! பின்னே யாரு?"

"சேவ் பண்ணும் ஓய்!" என்று கத்தினார் கல்யாணராமன். "ஜல்தி! கரண்ட் போயிடப்போறது!"

அடுக்களையில் பஜ்ஜி முழுவதும் கரிக்கட்டை ஆகியிருந்தது. நால்வரும் உட்கார்ந்து அதை மிச்சம் வைக்காமல் தின்றார்கள். கல்யாணராமன் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு தடவை திரும்பி, அணைத்துவிட்ட டி.வி.யைப் பார்த்தார்.

மறுநாள் வெயில் பெஞ்சில் வந்து உட்கார்வதற்கு முன்பே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சத்தியசீலன் எழுந்தார். மப்ளரை ஒரு தட்டுத் தட்டினார். ஆரம்பித்தார். டிராகனுக்கு ஏழு தலை. ஒவ்வொரு தலையும் இந்த வாட்டர் டாங்க் அளவு. அது விட்ட நெருப்பில் கூடத்துத் திரைச்சீலை பற்றிக்கொண்டது. மார்கரெட் வெள்ளைக் குதிரையில் வந்தாள். இவரோ, அடுக்களையில், ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் கோபியுமாக…

"கல்யாணராமன் சார்," என்று இடையில் நுழைந்தார் வேணு. "பத்தால வகுக்கட்டுமா?"

எல்லாக் குல்லாய்களும் ஒரே பக்கம் திரும்பின. சத்தியசீலன் நிறுத்தினார். பாழாய்ப்போன அந்த ஏழு தலையை இன்றைக்காவது விட்டிருக்கலாம்.

கல்யாணராமன் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அந்த பெஞ்சில் அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

"தலை ஒண்ணுதான்," என்றார். "திரைச்சீலை எரியலை. குதிரை கிடையவே கிடையாது."

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் கையைக் காட்டி அதை நிறுத்தினார்.

"ஆனா டிராகன் செத்தது. செத்தபோது இவர் மாவு கையோட வாசப்படியில நின்னுண்டிருந்தார். தொடலை. நான்தான் தொடப் போனேன், ஆத்துக்காரி விடலை." ஒரு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வகுக்க வேண்டாம் வேணு. நடந்தது. நான் பாத்தேன்."